பாக்கியத்தின் பாத்தி

கையும் டின்னுமாகப் பிடிபட்டாள் வள்ளியம்மா. விடிந்தும் விடியாத நேரத்தில், நாற்றங்காலில் பாக்கியத்தின் பாத்திக்கு ஏதோ வெள்ளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அய்யாவு கங்காணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தெலுக் பங்லிமா காராங் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ஒரு மாதமாக ரப்பர்க் கன்றுகள் மஞ்சளித்து நின்றன. எவ்வளவு உரம் கொட்டியும் ஒரு விரல் உயரவில்லை. காரணமான ஆளின் பேரை இன்று வெட்டிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, லயத்து வீடும் போய்விடும். ஆள் கிடைக்காவிட்டால் கங்காணி பேர்தானாம்.

இத்தனைக்கும் அய்யாவு பார்த்துப் பார்த்துப் போட்ட பாத்திகள் அவை. மேட்டுக் காட்டிலிருந்து மண் சுமந்தால் பதினைந்து நாள் ஆகும். அவரோ, பக்கத்தில் புதிதாக வெட்டிய கால்வாயின் அடிமண்ணை அள்ளிப் போடச் சொல்லி, நான்கே நாளில் முடித்துக் காட்டினார். கருகருவென்று நல்ல மண். மண் எங்கிருந்து வந்தது என்று துரை கேட்கவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வள்ளியம்மாவுக்கும் பாக்கியத்துக்கும் ஆகவே ஆகாது. கிணற்றடிச் சண்டையில் பேச்சு நின்று இரண்டு வருஷம். அவள் பொறுப்பில் விட்ட பாத்தியில் இவளுக்கு என்ன வேலை? அய்யாவு எத்தனை கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மணிக்குத் துரை பேர்ப்புத்தகத்தோடு வந்தார். கூடவே ஜெயராஜ். போன மாதம் மண்ணை எடுத்துக் கோலாலம்பூருக்குப் பரிசோதிக்கக் கொண்டுபோனவர்.

இவள்தான் விஷம் ஊற்றியவள் என்று அய்யாவு டின்னை நீட்டினார். ஜெயராஜ் அதை வாங்கி வைத்துவிட்டு, முதல் பாத்தியில் ஒரு கன்றைப் பிடுங்கினார். வேர் ஓடாமல் கட்டையாய், நுனி கருகிக் கிடந்தது.

"விஷமில்ல, மண்ணுதான். அலுமினியம் கரைஞ்சு கிடக்கு."

"சட்டி செய்யுற அலுமினியங்களாய்யா?" அய்யாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அதேதான். களிமண்ணுல எப்பவும் இருக்கும், சும்மா கிடக்கும். இந்தக் கடலோரத்து ஆழத்து மண்ணை வெளிய எடுத்துக் காத்துப் பட்டா, புளிச்சுடும். அப்ப அந்த அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைத் தின்னுடும். வேர் ஓடலைன்னா பக்கத்துல உரம் கிடந்தும் கன்னு எடுத்துக்க முடியாது."

கங்காணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆழத்து மண்ணைப் போடச் சொன்னது யார் என்று துரை கேட்டார். அய்யாவு காதில் விழாதவர் போல, இவள் ஊற்றியதை முதலில் பாருங்கள் என்று பாக்கியத்தின் பாத்திக்கு அவசரமாக நடந்தார்.

மேலே பார்த்தால் அதுவும் மஞ்சள்தான். ஜெயராஜ் பிடுங்கினார். வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்குப் புதுவேர்.

டின்னை முகர்ந்தார். "சுண்ணாம்பு. நான் எழுதிக் கொண்டாந்த மருந்தும் இதுதான். யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பெண்கள் பாக்குக் கன்றுக்குப் போடுவதைப் பார்த்தாளாம். அப்படியானால் உன் பாத்திக்கு ஏன் ஊற்றவில்லை என்றார் துரை.

"ஒரு டின் சிப்பிச் சுண்ணாம்புதான் கெடச்சுது தொரை. ஒரு பாத்திக்குத்தான் பத்தும். பத்து நாளா தெனம் கொஞ்சம் கரைச்சு ஊத்துறேன். அவ புள்ள பெத்துப் பன்னெண்டு நாள்தான் ஆச்சு. பாத்தி தேறலைன்னு பேரை வெட்டிட்டா கைப்புள்ளையோட எங்க போவா? நான் ஒண்டிக்கட்டை, கிள்ளான் டவுனுக்கு நடந்துடுவேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. என் கைபட்டதுன்னு தெரிஞ்சா அத்தனையும் புடுங்கி எறிஞ்சுடுவா."

துரை புத்தகத்தை மூடவில்லை. மண்ணைப் போடச் சொன்னது யார் என்று இரண்டாம் முறை கேட்டார்.

வள்ளியம்மாவுக்கு அது தெரியும். அந்த மண்ணைச் சுமந்தவளே அவள்தான். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றாள்.

அந்த மௌனத்தைக் கங்காணியால் தாங்க முடியவில்லை.

"நான்தான் தொரை," என்றார். "என் பேரை வெட்டுங்க."