இளஞ்சிவப்புச் சுழி

செர்ரி மரத்தடியில் நீல விரிப்பை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார் ஷிகெரு. இரண்டு பேருக்கு அது ரொம்பப் பெரிய விரிப்பு.

மனைவி நோபுயோ ஓரமாக உட்கார்ந்தாள். நடுவில், ஊதாத் துணியில் கட்டிய பொட்டலம்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வாயில் தேநீரைத் தவிர வேறெதுவும் போகவில்லை. இன்று வியாழன். எப்படியாவது இன்றைக்கு ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும். ஷிகெருவிடம் வேறு வேண்டுதல் எதுவும் மிச்சமில்லை.

இன்றைய திட்டம் மகள் மிஹோ போட்டது. பிப்ரவரியிலேயே காலண்டரில் வட்டம் போட்டு எழுதிவிட்டாள். முதலில் ஆற்றங்கரையில் பூ, பிறகு பாலத்தடிக் கடையில் நூடுல்ஸ். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பூ இந்த வருடம் கொஞ்சமும் வெட்கமில்லாமல் பூத்திருந்தது. ஒரு கிளை பாக்கியில்லை. அண்ணாந்து பார்த்த ஷிகெருவுக்குக் கோபம்தான் வந்தது.

பக்கத்து விரிப்பில் ஏதோ ஆபீஸ் கும்பல். காலையிலேயே இடம் பிடித்து, மதியத்துக்குள் முகம் சிவக்கக் குடித்திருந்தார்கள். அதில் ஒருவன் பீர் டப்பாவைத் தூக்கிக் காட்டினான்.

"என்ன பெரியவரே, பொட்டலத்தை இன்னும் அவுக்கலையா? திங்கக் குடுக்காட்டியும் வாசனையாவது காட்டுங்க!"

ஷிகெரு சிரித்துவைத்தார். பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதன்மேல் ஓர் இதழ் விழுந்தது. தட்டிவிடக் கை நீட்டிய நோபுயோ, அப்படியே விட்டுவிட்டாள்.

பாலத்தடிக் கடையில் எட்டே இருக்கைகள். கல்லாவிலும் அடுப்பிலும் ஒரே ஆள், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்மணி. ஷிகெரு தனக்கும் மனைவிக்கும் நடுவிலிருந்த இருக்கையில் பொட்டலத்தை வைத்தார்.

"வெளிச்சாப்பாட்டை இங்க பிரிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் கடைக்காரி.

இரண்டு கிண்ணங்கள் வந்தன. நூடுல்ஸின் மேல் பன்றி இறைச்சி, வெங்காயத்தாள், இளஞ்சிவப்புச் சுழி போட்ட வெள்ளை மீன்துண்டு ஒன்று. இருபத்திரண்டு வயதிலும் அந்தத் துண்டை அப்பா கிண்ணத்திலிருந்து திருடுவாள் மிஹோ. கிண்ணம் மேசையைத் தொடுவதற்குள் காணாமல் போயிருக்கும்.

இன்று அது மிதந்துகொண்டே இருந்தது.

ஷிகெருவின் கண்ணாடியில் ஆவி படிந்தது. அவர் துடைக்கவில்லை. அதுவும் ஒரு விதத்தில் வசதிதான்.

நோபுயோ சாப்பிடும் மரக்குச்சிகளை இரண்டாகப் பிளந்து கையில் வைத்திருந்தாள். அவ்வளவுதான். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் அந்தத் துண்டைத் தன் குச்சிகளால் எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"நோபு, இதையாவது சாப்பிடு. இது ஒண்ணே ஒண்ணு."

அவர் அதை அவள் கிண்ணத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவளும் கிண்ணத்தை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. தன் குச்சிகளால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரி கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"ஐயையோ, குச்சிக்குக் குச்சி கொடுக்காதீங்க! மயானத்துல செய்யுறதை என் கடையிலயா செய்வீங்க? இத்தனை வயசாச்சு, இதுகூடவா தெரியாது?"

தெரியும்.

காலையில்தான் மின்மயான ஊழியர் ஆளுக்கொரு ஜோடி நீளக் குச்சி கொடுத்துச் சொல்லித் தந்திருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்தே பிடிங்க, கால் எலும்பிலிருந்து ஆரம்பிங்க, கீழே விழாமல் கலசத்தில் வைங்க. ஒன்றைக்கூட இருவரும் தவறவிடவில்லை. பிறகு சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டு, கலசம் இருந்த பெட்டியின் வெள்ளைத் துணிக்கு மேல் ஊதாத் துணியைச் சுற்றிக் கட்டியதும் ஷிகெருதான். பூ பார்க்க வந்தவர்களின் கண்ணில் பட வேண்டாமே என்று.

கடைக்காரியின் பார்வை அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கறுப்பு டைக்குப் போனது. பிறகு நடு இருக்கைக்கு. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, வெகுநேரம் எதையோ கழுவினாள்.

மீன்துண்டு இன்னும் பொட்டலத்துக்கு மேலே, இரண்டு ஜோடிக் குச்சிகளுக்கு நடுவில் நின்றது. அவர் விட்டால்தான் அவள் சாப்பிட முடியும்.

"விடுங்க" என்றாள் நோபுயோ. "நான் பிடிச்சிருக்கேன்."

காலையில், கடைசியாகத் தொண்டை எலும்பை வைக்கும்போதும் அவள் இதைத்தான் சொன்னாள்.

அப்போதும் அவரால் விட முடியவில்லை.