பசை போடாத குதிரை

“கொண்டா இங்க. குதிரைய நான்தான் வைப்பேன்” என்று சுவக்கின், வலன்ரைனின் மடியிலிருந்து கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டான்.

பிடுங்கியது கிட்டாருக்காக இல்லை. வாசல் பெஞ்சில் வலன்ரைனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதலேனா மறுபடியும் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

மதலேனா அவன் பெண்டாட்டி. தாலி கட்டி ஆறு வருடம் ஆகிறது. வலன்ரைன் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். ஒல்லிப் பயல், எண்ணெய் வழிய நடு வகிடு. கம்பிக்குச் சுதி சேர்த்துத் தருகிறேன் என்று வந்தவன், இரண்டு மாதமாகச் சனிக்கிழமைச் சாயங்காலம் தவறுவதில்லை. சுதி சேர்க்கவா வருகிறான்?

வாயைத் திறந்து பேசினாலாவது பரவாயில்லை. உதடு மட்டும் அசையும். அவன் ஏதோ சொல்வான், இவள் தலையாட்டிச் சிரிப்பாள். போன வாரம் பலகைத் தடுப்புக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்று பார்த்தான். ஒரு வார்த்தை விழ வேண்டுமே! அவ்வளவு ரகசியம்.

கட்டின புருஷனிடம் மட்டும் கத்தல். சோறு போடவா என்று கேட்பதற்குக்கூடக் கத்தல்.

அதற்கும் ஒரு சடங்கு வைத்திருந்தாள். முதலில் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைச் சாத்துவாள். அந்த வீட்டில் யாகப்பர் இருக்கிறார், பாய்லர் பட்டறை மேஸ்திரி. சுவக்கினை எட்டு வருடமாக வேலைக்கு வைத்திருப்பவர். ஏன் சாத்துகிறாய் என்று கேட்டால், “மேஸ்திரிக்குத் தெரிஞ்சிறக் கூடாதுங்க” என்று அதையும் கத்துவாள். அம்மணியின் லட்சணம் வெளியே தெரியக் கூடாதாம்!

ஊரே கெட்டுப்போய்க் கிடந்தது. ஊரே எழுந்து நின்று ஜெபம் சொல்கிற சாயங்கால மணியைக் கோயில் மணியடிக்கிறவன் அடிப்பதே இல்லை. சோம்பேறிப் பயல். பங்குச் சாமியாரிடம் சொல்லத்தான் போகிறேன் என்று சுவக்கின் துள்ளியபோது, மதலேனா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் இந்தக் கிட்டாரே அவளுக்காகத்தான். நாவலப்பிட்டி பேக்கரியின் கிராமபோனில் கிட்டார் ஒலித்த ஒரு நாள், கையில் பாண் ரொட்டியோடு நின்ற இடத்தை விட்டு அசையாமல் கேட்டாள். “நான் செஞ்சி தர்றேன்டி” என்றான் அவன். பகலெல்லாம் பாய்லருக்குள் குந்தியிருந்து, வெளியிலிருந்து சம்மட்டி விழும் ஆணிகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, மிச்ச வெளிச்சத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்தான். ஒரு வருடம் இழைத்தான். இப்போது வாசிக்கப் போகிறவன் எவனோ, கேட்கப் போகிறவள் இவள்.

மிச்சம் இருந்தது குதிரை ஒன்றுதான். கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் கருங்காலிக் கட்டை. அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிகள் அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்கும். அரை நூல் முன்னே பின்னே போனால், கழுத்தில் பதித்த மெட்டுகளில் மேலே உள்ளதெல்லாம் அபசுரம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் ஒருமுறை மீட்ட வேண்டும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் இடம்தான் குதிரைக்கு இடம்.

சுவக்கின் குதிரையைக் கம்பிகளுக்கு அடியில் நிறுத்தி, தொட்டும் தொடாமலும் மீட்டினான்.

ஒன்றும் இல்லை.

இன்னும் பலமாக மீட்டினான். கம்பி துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

பாவிப் பயல் எதையோ செய்துவிட்டான்! துணியைக் கிணியை உள்ளே திணித்திருப்பான். சுவக்கின் கிட்டாரைக் கவிழ்த்து உதறினான். வட்ட ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினான். மரத்தூள்தான் வந்தது. மறுபடி மீட்டினான்.

பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். வலன்ரைன் இரண்டு விரலைச் சேர்த்து, பின்னால் தள்ளு என்பதுபோல் காட்டினான்.

நக்கலா? என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கே நக்கலா? சுவக்கினுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இன்றைக்கு இந்தக் கிட்டாரை இவன் மண்டையில் உடைக்காமல் விடுவதில்லை என்று கழுத்தைப் பிடித்துத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் எழுந்தார்கள்.

ஒன்றாக எழுந்தார்கள். கோயில் இருந்த பக்கம் திரும்பினார்கள். நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.

சுவக்கின் தெருவைப் பார்த்தான். தலையில் கூடையோடு போன கிழவி நின்றுவிட்டாள். எதிர்வீட்டு வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவர் சுருட்டை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

தூக்கிய கிட்டார் மெல்லக் கீழே வந்தது. அவனும் கோயில் பக்கம் காதைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. பயந்துபோனான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோருக்கும் பிந்தி அவனும் சிலுவை போட்டுக்கொண்டான்.

மதலேனா அதைப் பார்த்துவிட்டாள். ஜெபம் முடிந்ததும் உள்ளே போய், மேஸ்திரி வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கொக்கியையும் மாட்டினாள். பிறகு அவனிடம் வந்து, காதோடு காதாகக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“அரை நூல் பின்னால தள்ளுங்க. நான் கேட்டுச் சொல்றேன்.”