காலையில் ஒன்பது கிலோ

“அண்ணாச்சி, கையை எடுங்க! நசுங்கிட்டுன்னா பெறவு நட்சத்திரத்தை எண்ண விரல் இருக்காது.”

மொட்டை மாடியில், பாரம் இறக்கும் செயின் பிளாக்கைத் தளர்த்தியபடி தவசி கத்தினான். மில் இயந்திரங்களைத் தூக்கி இறக்கியே தோள் காய்த்துப்போனவன். அவனுக்கே மூச்சு வாங்கியது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், நூற்று நாற்பது கிலோ கறுப்பு இரும்பு, அரை அங்குலம் அரை அங்குலமாக இறங்கித் தூணின் தலையில் உட்கார்ந்தது.

எபநேசர் கையை எடுத்துக்கொண்டார். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியன். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று வாயை மூடியவர், ஓய்வு பெற்ற பிறகும் திறக்கவில்லை. நைட் ஷிப்டில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்த வானம் மட்டும் அவருக்குள் அப்படியே இருந்தது.

தவசி தூணைத் தட்டிப் பார்த்தான். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். வீட்டையே அசைத்துப் பார்க்கும். அதனால் சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டி, சுவர் எதையும் தொடாமல் எழுப்பிய தூண் அது. என்ன, அடுப்படிக்கு நடுவில் முளைத்து, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது.

“அடுப்படிக்குள்ள தூணு! எங்க வீட்ல டிஷ் மாட்ட ஒரு ஆணி அடிச்சதுக்கு மூணு நாளு எனக்குச் சோறு இல்ல. மதினி எப்படி ஒத்துக்கிட்டாவ?”

எபநேசர் ரசமட்டத்தை வைத்து அதன் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டங், டங்!

குமிழி நடுங்கியது. கீழே அவர் மனைவி மதலேனம்மாள் கரண்டியால் தூணை அடித்தாள்.

“ஏங்க, மணி ஒம்பதே கால்! பத்துக்கு அது சுத்தணும். சுத்தலன்னா லாரிக்காரனைக் கூப்பிட்டு வந்த வழியே ஏத்தி விட்டிருவேன்.”

“தூணைத் தட்டாத மதலேனம்!”

“தட்டுனாத்தானே வாயைத் திறக்கீய!”

அவள் சொன்னால் செய்வாள். சீராக வந்த பீரோவையே கதவு கிறீச்சிடுகிறதென்று அப்பன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவள். பதினொரு வருட ஆசை இன்னும் முக்கால் மணி நேரத்தில் லாரி ஏறிவிடும்.

எபநேசர் அவசரமாக போல்ட்டுகளை முடுக்கினார். காம்பஸை வைத்து வடக்கைப் பிடித்தார். தவசி ஒரு விரலால் மவுண்டின் கையைத் தள்ளினான். அது பாட்டுக்குச் சுழன்றது.

“என்ன அண்ணாச்சி, பிடிமானமே இல்ல? பல்லுச்சக்கரம் எங்க?”

“கிடையாது. பெல்ட்டும் கிடையாது. டைரக்ட் டிரைவ், மோட்டாரே நேராத் திருப்பும். கரண்டு வந்தா காந்தமே பிடிச்சுக்கிடும்.”

“பல்லில்லாததுக்கா இந்தக் கனம்! சரி, இந்தப் பக்கம் எதிர் எடை எம்புட்டு மாட்டணும்?”

“மேல வாரதுக்குச் சமமா மாட்டணும். அது காலையில ஒம்பது கிலோ. சாயங்காலம் ஆறு.”

“ஏன், பகல் பூரா பட்டினி கெடக்குமா?”

எபநேசர் தூரத்துக் காற்றாலையைப் பார்த்தார். அதன் இறக்கை நான்கு சுற்றுச் சுற்றும்வரை பார்த்தார். தவசி அலுத்துப்போய் ஒன்பது கிலோவை மாட்டினான்.

பத்தாக ஐந்து நிமிடம். எபநேசர் சிலுவை போட்டுக்கொண்டு லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லாமல் அந்த இரும்பு விசுக்கென்று அரைவட்டம் அடித்து நின்றது.

“ஆத்தாடி!” தவசி தரையில் உட்கார்ந்துவிட்டான். “நட்சத்திரம் ஆமை மாதிரில்லா நகருது? அதுக்கு எதுக்கு இம்புட்டு வேகம்?”

“மெதுவாச் சுத்துறதும் இருக்கு. எனக்கு அதுவே போதும்னு இருந்தேன். மதலேனந்தான் விசுக்குனு திரும்புறதா வேணும்னு சொன்னா.”

“மதினியா? அவியளுக்குமா வானத்துல ஆசை?”

படியில் கொலுசு கேட்டது. மதலேனம்மாள் தலையில் அகலமான பலகையுடன் ஏறி வந்தாள். உட்கார்ந்திருந்த தவசிக்குப் பலகையின் அடிப்பக்கமும் அதில் துருத்திய நான்கு போல்ட்டுகளும்தான் தெரிந்தன.

“சுத்துதா?”

எபநேசர் ஒரு முறை சுற்றிக் காட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினாள். எபநேசர் விட்ட பெருமூச்சு தவசி முகத்தில் பட்டது. கணவனும் மனைவியுமாகப் பலகையை மவுண்டில் வைத்து முடுக்கினார்கள்.

“தொலைநோக்கிக் குழாயைக் காணமே அண்ணாச்சி?”

“குழாய் ராத்திரிக்கு” என்றார் எபநேசர். லேப்டாப்பில் ‘சூரியன்’ என்று தேர்ந்தெடுத்தார்.

பலகை மெல்ல நிமிர்ந்து வெயிலைப் பார்த்துத் திரும்பியது. அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய ஈர வேட்டி. வேட்டி முழுக்க வரிசை வரிசையாகக் கூழ் வத்தல்.

“ராத்திரி உங்களுக்கு, பகல் எனக்கு. பேச்சு மாறக்கூடாது” என்று மதலேனம்மாள் சொல்லி முடிப்பதற்குள் வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை வந்து பலகையின் விளிம்பில் உட்கார்ந்தது.

“ஏங்க, காக்கா!” என்று அவள் கத்த, எபநேசர் அந்த விசுக்குப் பொத்தானை அழுத்தினார்.