முதலில் அவள் கையில்

டீ போடுவதெல்லாம் ஒரு வித்தையா என்று காட்டத்தான் அவன் சமையலறைக்குள் வந்தான்.

காட்டினான். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துத் தூக்கினான்.

பாத்திரம் தரையில். டீ சுவரில். வலது கையில் மூன்று விரல் நுனிகள் தக்காளி நிறத்தில்.

அவன் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். கடுகைவிடச் சிறிய திருகாணியை இடுக்கியால் எடுத்து உட்கார வைக்கிற விரல்கள் அவை. கொப்பளித்தால் கடைக்குப் பூட்டு. அவன் போட்ட கூச்சலில் பாதி வலிக்கு, பாதி கடைக்கு.

மனைவி குழாயைத் திறந்தாள்.

"தண்ணியில காட்டுங்க. எரிச்சல் அடங்கற வரைக்கும் எடுக்காதீங்க."

காட்டினான். மாமியார் ஓடி வந்து மகனின் கையை வெளியே இழுத்தாள்.

"தண்ணி பட்டா கொப்பளிச்சுரும்டா! இவ பேச்சைக் கேட்டு விரலைத் தொலைச்சுராத."

"இல்லைங்க அத்தை, தண்ணிதான்..."

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

மாமியார் பற்பசையோடு திரும்பி வந்தாள். புது டியூப், கிராம்பு போட்டது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். நாற்பது வயது ஆளுக்கு ரோஜா இதழ்த் தோல். சவரம் செய்தாலே கழுத்தெல்லாம் தடித்துப்போகும்.

"முதல்ல அவ கையில தடவிப் பாரும்மா."

அதுதான் அந்த வீட்டுச் சட்டம். பவுடர், தைலம், தலைச்சாயம், துவைக்கிற தூள் என்று எது புதிதாக வாசல் ஏறினாலும் முதலில் மருமகளின் முன்கையில் தடவப்படும். அவன் தோலைவிட அவள் தோல் மோசம் என்பது குடும்பத் தீர்ப்பு. அவளுக்கு ஒத்துக்கொண்டால் ஊருக்கே ஒத்துக்கொள்ளும். வழக்கமாக ஓர் இரவு காத்திருப்பார்கள். இன்றைக்குச் சில நிமிடங்கள் போதும் என்று மாமியார் பெரிய மனது பண்ணினாள்.

மருமகள் கையை நீட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். வாணலி விளிம்பு, இஸ்திரிப் பெட்டி, குக்கர் ஆவி. மாமியார் இரண்டு தழும்புகளுக்கு நடுவே காலி இடம் தேடினாள். கிடைக்கச் சற்று நேரமாயிற்று. இதெல்லாம் எப்போது பட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

"அதுவரைக்கும் நான் என்னம்மா பண்றது? உயிர் போகுது!"

"அதுவரைக்கும் தண்ணியில வைங்க" என்றாள் மனைவி.

வேறு யோசனை யாரிடமும் இல்லாததால் வைத்தான்.

அவள் பற்பசையைப் பார்த்தபடி நின்றாள். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு முகம் சுளித்துச் சொறிந்தாள். சிவப்பாகக் கோடு விழுந்தது.

"எரியுதுங்க அத்தை."

"நல்ல தோலைக் கொண்டாந்த, பொறந்த வீட்டுலருந்து! பல்லுக்குப் போடறதுகூடவா எரியும்?"

திட்டிக்கொண்டே டியூப்பை மூடினாள். சட்டம் சட்டம்தான்.

அடுத்து கொழுந்தன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேற்படிப்பைக் கைப்பேசியில் தொடர்பவன்.

"அண்ணி, முட்டை வெள்ளைக்கரு. லட்சம் பேர் லைக் போட்டிருக்காங்க."

"லட்சம் பேருக்கும் விரல் மிச்சம் இருக்கான்னு கேட்டியாடா?" என்றான் அண்ணன் குழாயடியிலிருந்து. "முதல்ல அண்ணி கையில."

வெள்ளைக்கரு முழங்கை வழியாகச் சொட்டியது. சொறிந்தாள். அரிக்கிறது என்றாள்.

வெண்ணெய் வந்தது. தேன் வந்தது. மாமியார் விட்டால் அந்தக் கையிலேயே ஒரு சமையலை முடித்துவிடுவாள் போலிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு, ஒரு சொறி, ஒரு கோடு. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமியார் பொறுமை இழந்தாள்.

"தொட்டித் தண்ணி பூரா போகுது. இவளுக்கு எதைப் போட்டாலும் எரியத்தான் செய்யும். நீ கையைக் கொடுடா, வெண்ணெயை நானே போட்டு விடறேன்."

மகனின் மணிக்கட்டைப் பிடித்தே விட்டாள்.  மருமகள் முன்கையை இன்னும் வேகமாகச் சொறிந்தாள்.

அவன் அதைப் பார்த்தான். ஒருமுறை சட்டத்தை மீறித் தலைச்சாயம் பூசிக்கொண்டு ஒரு வாரம் பூசணிக்காய் முகத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தவன் அவன். கையை உதறிக்கொண்டு மறுபடி குழாயடியில் நீட்டினான்.

"வேணாம்மா. அவ சொல்றதை விடு. அவ தோலு பொய் சொல்லாது."

கத்தல் முனகலாயிற்று. முனகல் கொட்டாவியாயிற்று.

கையை எடுத்துப் பார்த்தான். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. இளஞ்சிவப்பு. ஒரு கொப்புளம் இல்லை. இரண்டு விரல்களைச் சேர்த்து, காற்றில் ஏதோ ஒரு திருகாணியை எடுத்துக் காற்றிலேயே வைத்தான். வைக்க முடிந்தது.

"பாத்தியாம்மா? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. நான் தண்ணியில இருந்து கையை எடுத்தனா?"

"என் புள்ளைக்குத் தெரியாததா" என்றாள் மாமியார். மருமகளின் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "தேனுக்குக்கூட ஆகாத தோலு. இதை வெச்சுக்கிட்டு என்னத்தைக் குடும்பம் நடத்தப் போறாளோ."

எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள். டீ கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் சுவரைத் துடைத்தாள். தரையைத் துடைத்தாள். பிறகு தன் கையைக் குழாயில் காட்டினாள். பற்பசை, வெள்ளைக்கரு, வெண்ணெய், தேன் எல்லாம் வழிந்து போயின.

அடியில் தோல் எப்போதும்போல் இருந்தது. நகம் போன கோடுகள் மட்டும் சிவந்திருந்தன.

கல்யாணமான புதிதில், மாமியார் வாங்கி வைத்த சோப்பின் வாசனைக்குத் தலை வலிக்கிறது என்று இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்தாள்.

மூன்றாம் முறை சொறிந்தாள்.