எதிர்ப்பல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் கம்பி ஏற்றிய லாரி திரும்பும்போதெல்லாம், மாடியில் இருக்கும் பல் கிளினிக்கின் தட்டில் இடுக்கிகள் மெல்லக் கிலுகிலுக்கின்றன. நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் ஜெரால்ட்டுடைய திறந்த வாய்க்குள் விளக்கின் வெள்ளை வெளிச்சம் விழுகிறது. இரும்பு உருக்கும் ஆலையில் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். காக்கிச் சட்டையில் தூள் மினுங்குகிறது. டாக்டர் நர்மதா சின்னக் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கி, மேல் கடைவாய்ப்பல்லை விரலால் அசைத்துப் பார்க்கிறாள். அது அசையவில்லை. "சொத்தையே இல்லண்ணா. மூணு வேரும் கெட்டியா இருக்கு. ஆனா சேந்து அரைக்க கீழ எதிர்ப்பல்லு இல்லியே. அது இல்லன்னா மேல்பல்லு கொஞ்சங்கொஞ்சமா கீழ எறங்கிக்கினே வரும். அதான் ஈறுல குத்துது. கீழ்ப்பல்லு எப்போ எடுத்தீங்க?" கண்ணாடி வெளியே வந்ததும் ஜெரால்ட் எச்சிலை விழுங்குகிறார். "என் சம்சாரம் மேரி உசுரோட இருக்கசொல்லோ, மேடம். அவதான் இட்டுகினு வந்தா. ஊடு போய்ச் சேர்ற வரிக்கும் பஞ்சக் கடிச்சிக்கினு இருன்னு சொல்லி, என்னைப் பேசவே உடல." நர்மதா மருந்தை ஊசியில் ஏற்றுகிறாள். "இதையும் எடுத்துடலாம். கூட யாரு வந்திருக்காங்க?" கதவு திறந்தே இருக்கிறது. வெளிப் பெஞ்சில் அவர் கழற்றி வைத்த மஞ்சள் ஹெல்மெட் மட்டும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. ஜெரால்ட் அதையே பார்க்கிறார். "வேணாம் மேடம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடுகிறார். மேல்பல் காலியிடத்து ஈறில் குத்துகிறது. அவர் வாயைத் திறக்கவில்லை.