நாளைக்கு டிஸ்சார்ஜ்

வராந்தாவிலிருந்து வார்டுக்குள் பத்தடி தூரம்தான். அதை நடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கட்டிலருகே நின்று டாக்டர் சொன்னது ஒரு வரி. நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிரலாம்.

மீதியை அவளை வெளியே அழைத்துச் சொன்னார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம். மிஞ்சினால் மூன்று.

உள்ளே அவள் கணவர் கஸ்பார் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நமக்கு நாளைக்கு டிஸ்சார்ஜ்."

குரலில் அப்படியொரு தெம்பு. பத்தொன்பது நாளாக அவள் கேட்காத தெம்பு.

"டாக்டர் வெளிய கூப்பிட்டு என்ன சொன்னாரு?" என்று அவளைக் கேட்டார்.

"மாத்திரையப் பத்தித்தான்."

ஃபிளாஸ்க்கைக் கழுவினாள். துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜில்லா கோர்ட்டில் அவள் மொழிபெயர்ப்பாளர். இருபத்தாறு வருடங்களாக இங்கிலீஷைத் தமிழாக்குவதுதான் வேலை. டிஸ்சார்ஜ் என்ற சொல் வந்தால் 'விடுவிப்பு' என்று எழுதுவாள். விடுதலை வேறு, விடுவிப்பு வேறு. குற்றவாளி இல்லை என்று விசாரித்துத் தீர்ப்பது விடுதலை. மேற்கொண்டு நடத்த வழக்கில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது விடுவிப்பு.

அவள் தம்பி பட்டாளத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்த தாளிலும் இதே சொல்தான் இருந்தது. கஸ்பாரின் ஆபரேஷன் தையல் வழியே கசிவதையும் நர்ஸ் இதே சொல்லால்தான் குறித்துவைத்தாள்.

ஒருமுறை ஆபீஸின் தடித்த அகராதியில் இதன் வேரைத் தேடியிருக்கிறாள். எங்கோ பழைய லத்தீனில், வண்டியிலிருந்து சுமையை இறக்குவது.

அன்று அது ருசியாக இருந்தது. இன்று எதுவும் ருசிக்கவில்லை.

மஸ்கட்டிலிருக்கும் மகள் செலினுக்கு, பார்த்துப் பார்த்து ஒரே வரி அனுப்பினாள். அப்பாவுக்கு நாளைக்கு டிஸ்சார்ஜ்.

உடனே பதில் வந்தது. மாதாவே நன்றி. அப்போ நான் லீவு போட வேண்டாம்லம்மா? கிறிஸ்துமஸுக்கே வாரேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.

எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதற்குமேல் யோசிக்க அவளிடம் தெம்பில்லை. போனைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

காலையில் அவர் சவரம் செய்துவிடச் சொன்னார்.

"இந்தத் தாடியோட தெருவுல போய் இறங்க முடியுமா?"

நுரையைத் தடவினாள். கன்னம் குழிந்து எலும்போடு ஒட்டியிருந்தது. பிளேடு எங்கேயும் கீறிவிடாமல் மெல்ல இழுத்தாள். ஒரு பக்கம் முடித்து, மறுபக்கத்துக்கு முகத்தைத் திருப்பினாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"முப்பது வருசம் ஹார்பர்ல டிஸ்சார்ஜ் பாத்தவன்ட்டி நான். சரக்கு இறக்கி முடிஞ்சா கப்பல அங்கன நிப்பாட்டி வைக்க மாட்டாவ."

அவள் கை நின்றது.

அவர் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"செலின் என்னைக்கு வாராளாம்?"

சவர நுரை அவர் தாடையிலிருந்து வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு" என்றாள் கடைசியில்.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"போனைப் போடு. நீ ஒண்ணும் பேசாண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்."

மகளின் எண்ணைத் தேடி எடுத்தாள். போட்டுக் கொடுத்தாள். நுரை படாத கன்னத்தில் அவர் போனை வைத்துக்கொண்டார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மெல்ல உடம்பை நகர்த்தி, சுவர்ப் பக்கமாக ஒதுங்கினார். கட்டிலில் அவளுக்கு இடம் விட்டு, உட்காரச் சொல்லிக் கையால் தட்டினார்.