அட்டையில் உள்ளது மட்டும்

“அதே அம்மாதான் சார். இன்னிக்கு மட்டும் இது ஆறாவது தடவை,” என்றாள் டெலிபோன் ஆபரேட்டர்.

வெளியுறவுத் துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடி. சண்டை நடக்கும் கடலில் ஒரு நாடு பிடித்து வைத்துக்கொண்ட கப்பலின் பதினெட்டு ஊழியர்களுக்காக, அவர்கள் வீட்டார் பேசுவதற்கென்று திறந்த உதவி மேஜை அது. உதவியைத் தவிர மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

கட்டுப்பாடுகளுக்குக் குறைச்சலில்லை. செல்போனைக் கீழே காவலரிடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சு முழுக்கப் பதிவாகும். கப்பலில் சொந்தக்காரர் இருந்தால் அந்த மேஜையில் உட்காரக் கூடாது. அப்படி யாருமில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதில் சொல்ல ஓர் அட்டை, அதில் நாலு வரி. அதைத் தாண்டி வாயைத் திறக்கக் கூடாது.

“ஆறு தடவை என்னதான் கேக்கறாங்கன்னு நானும் கேக்கறேன்,” என்று டைரக்டரே வந்து இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அந்த மேஜையில் பதில் சொல்லும் கண்ணாடிக்காரர் திறக்காத சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளினார். படிவத்தை இழுத்து, அந்த அம்மா விசாரிக்கும் பையனின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் இணைப்பை எடுத்தார்.

“என்ன சார், நம்பர் மனப்பாடமா?” டைரக்டர் சிரித்தார்.

“தினமும் எழுதறேனே சார்.”

“ஏழு பேரை விடறாங்கன்னு டிவில சொல்றாங்க,” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “இன்ஜின் ரூம்ல வேலை பாக்கற எம்புள்ள அந்த ஏழுல இருக்கானா?”

அந்த ஏழு பேரின் பட்டியல் கண்ணாடிக்காரரின் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. இன்ஜின் ரூம் ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. அமைச்சர் ஐந்து மணிக்கு அறிவிப்பார். அதற்குள் பெயர் வெளியே போனால் ஏழு பேரையும் விடமாட்டோம் என்று அந்த நாடு கறாராகச் சொல்லியிருந்தது.

“நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்,” என்று படித்தார்.

“அது எனக்கும் மனப்பாடம். இருக்கான், இல்ல. ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“எல்லா மட்டங்களிலும் பேச்சுவார்த்தை...” விரல் மீதி வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிட்டது. டைரக்டர் அட்டையைத் தட்டிக் காட்டினார்.

“...தொடர்ந்து நடைபெற்று வருகிறது.”

“புரிஞ்சுடுச்சு. அவன் இல்ல.”

“நான் அப்படிச் சொல்லலைங்கம்மா.”

“நீங்க சொல்லல. உங்க குரல் சொல்லுது.”

தேற்றுவதற்கென்று அட்டையில் ஒரு வரியும் இல்லை. பேச்சை முடித்துவிடும்படி டைரக்டர் சைகை காட்டினார்.

“வேற ஏதாவது கேக்கணுமாம்மா?”

“ஒண்ணும் இல்ல.” மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு ஹெட்போனிலும் கேட்டது. “காலையிலயும் வெறும் வயித்தோட கிளம்பிட்டீங்க, நான் கட்டிக் குடுத்த டப்பாவையாவது தொறந்து சாப்பிடுங்க.”